பொறியியற் கல்வியின் முதலாம் ஆண்டு: பேராதனை அனுபவமும் தாய்மொழிவழி மாணவரும்

1. நோக்கம்

பல்கலைக்கழகங்களின் வரலாறு எழுதப்படும்பொழுது சட்டங்களும் துணைவேந்தர்களும் கட்டடங்களுமே பெரும்பாலும் முதலிடம் பெறுகின்றன. புதிதாக வந்த மாணவர் முதன்முதலில் விரிவுரை மண்டபத்தினுள் அமரும்பொழுது அவர் முன் வைக்கப்படும் பாடங்கள் யாவை, அவை ஏன் அவ்வாறு அமைந்தன, எம்மொழியிற் கற்பிக்கப்பட்டன, அவற்றால் எத்தகைய மாணவர் முன்னேறினர், எத்தகையோர் பின்தங்கினர் ஆகிய வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. கண்டி நகருக்கு அண்மையில், பேராதனையில் அமைந்துள்ள பொறியியற் பீடத்தின் முதலாம் ஆண்டுக் கல்வியை இவ்வினாக்களின் வழிநின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொறியியலின் முதலாம் ஆண்டுப் பாடங்கள் யாவருக்கும் பொதுவானவை. கணிதம், பொறிமுறை, வரைதல், பொருள்களின் இயல்பு, வெப்பவியக்கவியல், மின்னியல் ஆகியவற்றுக்குச் சாதியோ சமயமோ இனமோ இல்லை. எனவே அவை சமூகத்தின் முரண்பாடுகளுக்கு அப்பாற்பட்டவை என்னும் எண்ணம் பரவலாக உண்டு. இவ்வெண்ணம் பாதி உண்மையே எனக் கருதுகிறோம். பாடத்தின் உள்ளடக்கம் பொதுவானதாயினும் அப்பாடத்தை வந்தடையும் பாதை பொதுவானதன்று. மொழியும் வர்க்கமும் பிரதேசமும் விளைத்த ஏற்றத்தாழ்வுகள் யாவும் அந்த முதலாம் ஆண்டிலேயே ஒருங்கு கூடித் தம்மை வெளிப்படுத்துகின்றன. பேராதனையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

2. பொதுப் பாடநெறியின் தோற்றம்

பாலம் கட்டுபவரும் பொறி அமைப்பவரும் மின்னாக்குபவரும் தத்தம் துறைக்குட் புகுமுன்னர் ஒரே அடிப்படைப் பாடங்களைக் கற்றல் வேண்டும் என்னும் கருத்து மிகப் பழையதன்று. பிரெஞ்சுப் புரட்சியின் விளைவாக 1794இல் பரிசில் நிறுவப்பட்ட எக்கோல் பொலிற்றெக்னிக் என்னும் உயர்கல்லூரியே இதற்கு நிலையான வடிவம் தந்தது எனலாம். அங்குச் சேர்ந்தோர் முதலிற் கணிதம், பொறிமுறை, இரசாயனம், வரைதல் ஆகியவற்றைப் பொதுவாகப் பயின்று, அதன் பின்னரே பாலங்களும் வீதிகளும், சுரங்கம், பீரங்கிப் படை முதலிய துறைக் கல்லூரிகளுக்குச் சென்றனர். முப்பரிமாணப் பொருளொன்றை இருபரிமாணத் தாளில் வழுவின்றிக் காட்டும் விவரண கேத்திரகணிதத்தை வகுத்த கஸ்பார் மொங்கே அக்கல்லூரியின் தோற்றத்திற் பெரும்பங்கு கொண்டவர். உலகெங்கும் பொறியியல் மாணவர் இன்று முதலாம் ஆண்டில் வரைபலகையின் முன்னோ கணினித் திரையின் முன்னோ அமர்ந்து, ஒரு பொருளின் மேற்றோற்றம், முன்றோற்றம், பக்கத்தோற்றம் ஆகியவற்றை வரைவது அம்மரபின் தொடர்ச்சியே.

இங்கிலாந்தின் வழி வேறாக இருந்தது. அங்குப் பொறியியலாளர் பட்டறையிலும் தொழிலிடத்திலும் பயிற்சியாளராக இருந்தே உருவாகினர்; நூற்கல்வி பின்னர் வந்தது. 1855இல் கிளாஸ்கோவிற் பேராசிரியரான ராங்கின், கோட்பாட்டையும் தொழிலையும் இணைக்கும் பாடநூல்களை எழுதினார். அவரது மாணவர் ஹென்றி டயர் 1873இல் தோக்கியோ சென்று, அங்குத் தொடங்கப்பெற்ற பொறியியற் கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். ஆறாண்டுப் பாடநெறியில் முதலீராண்டுகள் பொதுக்கல்விக்கும் அடிப்படை விஞ்ஞானத்திற்கும் ஒதுக்கப்பட்டன. பயிற்சிமொழி ஆங்கிலம். ஆயின் யப்பானியர் அந்நிலையை நிரந்தரமானதாகக் கொள்ளவில்லை. வந்த ஆசிரியரிடம் கற்றவர்கள் தாமே ஆசிரியராயினர்; நூல்கள் யப்பானிய மொழியில் எழுதப்பட்டன; படிப்படியாகக் கற்பித்தலும் அம்மொழிக்கு மாறியது. ஆசிய நாடொன்று அயன்மொழியிற் பொறியியலைத் தொடங்கித் தன்மொழியில் அதனைத் தொடர்ந்தமைக்கு இது முதல் எடுத்துக்காட்டாகும். நமது நாட்டு வரலாற்றை நோக்குவதற்கு இவ்வெடுத்துக்காட்டை மனத்திற் கொள்ளுதல் நன்று.

3. இலங்கையிற் பொறியியற் கல்விக்கு முன்னோடிகள்

கண்டியைச் சுற்றியுள்ள நிலப்பரப்பே பொறியியல் வரலாற்றின் ஒரு பொருட்காட்சியாக விளங்குகிறது. கண்டி வாவி கடைசி மன்னன் சிறி விக்கிரம ராஜசிங்கன் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபின் 1820களிற் கடுகண்ணாவைக் கணவாயூடாகக் கொழும்பு வீதி வெட்டப்பட்டது. 1833இற் பேராதனையில் மகாவலியின் மீது முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் எழுந்து, 1905 வரை நிலைத்தது. 1867இற் புகையிரதப் பாதை கண்டியை எட்டியது. கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் துறைமுகத்திற்கு இறக்குவதே இவ்வேலைகளின் முதன்மையான பயனாக இருந்தது.

இவ்வேலைகளில் உடலுழைப்பு இந்நாட்டவரதும் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரதும் ஆகும். அளவையும் கணக்கும் வரைபடமும் ஆங்கிலேய அலுவலரின் கையில் இருந்தன. பெரும் வேலைகள் அரைநூற்றாண்டுக்கு மேல் நடைபெற்ற பின்னரும் அவற்றைக் கற்பிக்கும் கல்விக்கூடம் இங்கு இருக்கவில்லை. 1893இல் கொழும்பு மருதானையில் தொடங்கப்பட்ட அரசினர் தொழில்நுட்பப் பாடசாலை, பின்னர் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அரசாங்கத் திணைக்களங்களுக்கு வேண்டிய இடைநிலைத் தொழில்நுட்பவியலாளரைப் பயிற்றுவதே அதன் முதல் நோக்கம். காலப்போக்கில் இலண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டத்திற்கும் அது மாணவரை ஆயத்தஞ் செய்தது.

அக்கல்லூரியின் மாணவர் ஒருவரைத் தமிழியல் ஆய்வாளர் நன்கறிவர். ஆயினும் அவரை இக்கல்லூரியோடு சேர்த்து நினைப்பதில்லை. காரைதீவிற் பிறந்த மயில்வாகனன், 1916இல் அங்கு விஞ்ஞான டிப்புளோமா பெற்று, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றினார். அவரே பின்னர் விபுலானந்த அடிகளாகி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டிற்கு அவர் தலைமை தாங்கியது தற்செயலானதன்று. விஞ்ஞானத்தை ஆய்வுகூடத்திற் பயின்று, பின் தமிழைத் துறைபோகக் கற்றவருக்கே கலைச்சொல்லின் தேவை ஐயமறத் தெரியும். அவருக்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன், 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் தமிழிற் பெயர்த்தார். தொழிற்கல்வியைத் தமிழிற் கற்பிக்க முடியுமா என்னும் வினாவுக்கு ஈழத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செயல்வழி விடை கிடைத்துவிட்டது. அவ்விடையைப் பேணும் நிறுவனமே அமையாது போயிற்று.

4. கொழும்பிலிருந்து பேராதனைக்கு

1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பொறியியற் பீடம் 1950இலேயே தொடங்கப்பட்டது. முதலிற் கொழும்பில் இயங்கிய அப்பீடத்தின் முதற் பேராசிரியர்களுள் ஆர். எச். போல், ஈ. ஓ. ஈ. பெரேரா, ஜே. சி. வி. சின்னப்பா ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். கலைப்பீடம் 1952இலேயே பேராதனை சென்றுவிட்டது. பொறியியற் பீடமோ 1964இல்தான் அங்குச் சென்றது. அதன் கட்டடங்கள் மகாவலிக்கு மறுகரையில் எழுந்தன. இவ்விட மாற்றத்தை முன்னின்று நிறைவேற்றிய பெரேராவின் பெயரை அங்குள்ள பெரிய விரிவுரை மண்டபம் இன்றும் தாங்கி நிற்கிறது. கலைஞரும் பொறியியலாளரும் ஆற்றால் பிரிக்கப்பட்டிருந்தமை வெறும் நிலவியற் செய்தியாக மாத்திரம் இருக்கவில்லை. ஒரு கரையில் 1959, 1960ஆம் ஆண்டளவிலிருந்து தமிழிலும் சிங்களத்திலும் விரிவுரைகள் நிகழ்ந்தன. மறுகரையில் ஆங்கிலமே தொடர்ந்து நிலவியது.

முதலாம் ஆண்டுக் கல்வி அனைவருக்கும் பொதுவாக அமைந்து, குடிசார், இயந்திர, மின் முதலிய துறைகளாகப் பிரிதல் அதன் பின்னர் நிகழ்வது பேராதனையின் வழக்கம். இந்த ஓராண்டின் உள்ளடக்கத்தை நோக்கின் அது மூவகைப்படும். முதலாவது, உயர்தர வகுப்பிற் கற்றவற்றின் தொடர்ச்சி: நுண்கணிதம், நிலையியல், இயக்கவியல், மின்சுற்றுக்கள் என்பன. இரண்டாவது, மாணவர் அனைவருக்கும் முற்றிலும் புதியவை: பொறியியல் வரைதல், பட்டறைப் பயிற்சி, பிற்காலத்திற் கணினி நிரலாக்கம் என்பன. மூன்றாவது, ஆங்கிலம்.

இரண்டாம் வகைப் பாடங்களில் ஒரு சமத்துவம் உண்டு. வரைபலகையின் முன் கொழும்புக் கல்லூரி மாணவரும் மன்னார் மாணவரும் ஏறத்தாழ ஒரே நிலையினர். கோடும் அளவும் பேசும் மொழிக்கு அகராதி தேவையில்லை. பட்டறையில் அரத்தைப் பிடிப்பதற்கு, உழைக்கும் குடும்பத்திலிருந்து வந்தவரின் கை சில வேளைகளிற் கூடுதலாகவே பழகியிருக்கும். முதலாம் வகைப் பாடங்களிலேயே சிக்கல் எழுகிறது. அவை மாணவர் அறிந்தவை. ஆயின் வேறொரு மொழியில் அறிந்தவை.

பீடத்தின் முதல் தலைமுறை மாணவர்க்கு இச்சிக்கல் இருக்கவில்லை. அவர்கள் ஆங்கிலவழிக் கல்லூரிகளிலிருந்து வந்தோர்; ஆகவே வசதி படைத்த அல்லது நடுத்தர வர்க்கத்தினர். அத்தலைமுறையின் சாதனைகள் சிறியனவல்ல. அ. துரைராசா கேம்பிறிட்ஜிற் செய்த மண்பொறிமுறை ஆய்வு, ரோஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் இணைந்து 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் வழியாக, அவதி நிலை மண்பொறிமுறை என்னும் கோட்பாட்டின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. ஈரக் களிமண் சுமையின்கீழ் எவ்வாறு இளகுகிறது என்பது அதன் பொருள். அவர் பேராதனையிற் பீடாதிபதியாகவும், 1988 முதல் 1994இல் மறையும்வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றினார். அதிர்வுகள் பற்றிய ஆய்வுக்குப் பேர்பெற்ற பேராசிரியர் எஸ். மகாலிங்கம் நீண்டகாலம் பேராதனையிற் கற்பித்தவர். 1960இல் பீடத்திற் சேர்ந்த பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை இலங்கையின் முதற் பெண் பொறியியலாளரானார். இச்சாதனைகள் ஆங்கிலவழிக் கல்வியால் மாத்திரமே நிகழ்ந்தன என்பது தவறான முடிபாகும். ஆங்கிலவழிக் கல்வி கிட்டியோருக்கே அவ்வாய்ப்பும் கிட்டியது என்பதே சரியான முடிபு.

5. சொல்லும் பொருளும்

1960களின் நடுப்பகுதி தொடக்கம் விஞ்ஞான மாணவரும் உயர்தர வகுப்பிற் சுயபாஷையிற் கற்கத் தலைப்பட்டனர். இம்மாற்றம் கல்வியைச் சனநாயகமயப்படுத்தியது என்பதில் ஐயமில்லை. கிராமப் பாடசாலையின் மாணவர் பௌதிகமும் பிரயோக கணிதமும் கற்கும் நிலை உருவாயிற்று. இதற்கு வேண்டிய கலைச்சொற்களை அரசகரும மொழித் திணைக்களமும் பின்னர்க் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் வெளியிட்டன. பாடநூல்களும் பெயர்க்கப்பட்டன. இச்சொற்களை உருவாக்கியோரின் உழைப்புக்குத் தக்க மதிப்பு இன்னும் அளிக்கப்படவில்லை.

அவற்றுட் சிலவற்றைச் சிறிது நுணுகி நோக்குவோம். நேரத்துடன் வேகம் கூடுவதை ஆர்முடுகல் என்றும், குறைவதை அமர்முடுகல் என்றும் ஈழத்துப் பாடநூல்கள் வழங்கின. விரைதலைக் குறிக்கும் 'முடுகு' என்னும் பழைய வினையோடு, நிறைதலைக் குறிக்கும் 'ஆர்', அடங்குதலைக் குறிக்கும் 'அமர்' என்னும் இரு சொற்கள் முன்னொட்டாகச் சேர்ந்து, ஒன்றுக்கொன்று மறுதலையான இரு கருத்துக்களைத் தெளிவாக வேறுபடுத்துகின்றன. இவ்வாறே பொருளொன்றின் அலகுப் பரப்பில் தாக்கும் உள்விசையைத் தகைப்பு என்றும், அதனால் அப்பொருளின் நீளத்தில் ஏற்படும் விகிதமுறையான மாற்றத்தை விகாரம் என்றும் கூறினர். இவ்விரு கருத்துக்களுக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் ஸ்ரெஸ், ஸ்ரெயின் என்னுஞ் சொற்கள் அன்றாட வழக்கில் ஏறத்தாழ ஒரு பொருளன. ஆங்கிலம் தாய்மொழியாக உடையவரும் முதலாம் ஆண்டில் அவ்வழக்கை மறந்தே அவற்றின் வேறுபாட்டைக் கற்றல் வேண்டும். தமிழ் மாணவருக்கோ விகாரம் புதிய சொல்லன்று. தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகை விகாரங்களைப் புணர்ச்சி இலக்கணத்திற் கற்றவர் அவர். உருமாற்றம் என்னுங் கருத்து அச்சொல்லிலேயே உண்டு. தமிழக நூல்கள் இதனைத் திரிபு என வழங்குவதும் அதே இலக்கண மரபிலிருந்தே எழுந்தது.

இத்தகைய சொற்களால் நாலாண்டு சிந்தித்துப் பழகிய மாணவர் மகாவலியின் மறுகரையை அடைந்ததும் என்ன நேர்கிறது? 'மோமென்ற்' என்னுஞ் சொல்லை அகராதியிற் பார்க்கிறார். கணம், சிறுபொழுது எனப் பொருள் கிடைக்கிறது. தாம் கற்ற திருப்பம் இதுவே என அவருக்கு அகராதி சொல்வதில்லை. பள்ளியில் 'கணம்' என்னுஞ் சொல்லைக் கணத்தாக்கு என்னும் வேறொரு கருத்தோடு அவர் பொருத்தி வைத்திருந்தமையாற் குழப்பம் இரட்டிக்கிறது. சடத்துவத் திருப்பம் என்று அவர் தயக்கமின்றிக் கணித்துக் காட்டக்கூடிய ஒன்று, அயற்பெயரோடு கரும்பலகையில் தோன்றும்பொழுது அறியாத பொருளாகி விடுகிறது. இங்குக் குறைவது அறிவன்று; அறிந்ததை அடையாளங் காணும் வழியே. ஆனால் விடைத்தாளைத் திருத்துபவருக்கு இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு புலப்படுவது அரிது.

இதன் மறுபக்கத்தையும் கூறுதல் கடன். ஈழத்துச் சொற்களும் தமிழகச் சொற்களும் வேறுபட்டே வளர்ந்தன. இங்கு ஆர்முடுகல், அங்கு முடுக்கம். இங்குத் தகைப்பு, அங்குத் தகைவு. இங்குப் பௌதிகம், அங்கு இயற்பியல். ஒரே மொழியில் எழுதப்பட்ட நூல்கள் இரு நாட்டு மாணவருக்கும் ஒருங்கே பயன்படாமைக்கு இது காரணமாயிற்று. அதனினும் முக்கியமாக, உயர்தர வகுப்பிற்கு அப்பாற்பட்ட சொற்கள் சொற்றொகுதிகளில் மாத்திரமே வாழ்ந்தன. கற்பிக்கும் நாவிலும் எழுதும் கையிலும் வழங்காத சொல் வளர்வதில்லை. பொறியியற் பேராசிரியராகவும் கவிஞராகவும் திறனாய்வாளராகவும் விளங்கிய சி. சிவசேகரம் போன்றோர் இவ்விரு கரைகளுக்கும் இடையில் நடமாடினர். ஆயினும் தனிமனிதர் சிலரின் ஆற்றல் நிறுவனத்தின் பணிக்கு ஈடாகாது.

நிறுவனம் செய்யாததை மாணவர் தாமே செய்துகொண்டனர். இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் குப்பி என்று வழங்கும் வகுப்பை அறியாதார் இலர். குப்பி விளக்கின் ஒளியிற் கூடிப் படித்தமையால் அப்பெயர் வந்தது என்பர். மூத்த மாணவரோ திறமை மிக்க சக மாணவரோ, பரீட்சைக்கு முன்னர் விடுதியறையிலோ வெற்று விரிவுரை மண்டபத்திலோ, ஆங்கிலத்திற் கேட்ட விரிவுரையைத் தமிழிலோ சிங்களத்திலோ மீளச் சொல்லித் தருவர். சொற்கள் ஆங்கிலமாகவும் வாக்கியம் தாய்மொழியாகவும் அமையும். காசு வாங்காமல் நடைபெறும் இவ்வகுப்பே உண்மையில் தாய்மொழிவழிப் பொறியியலின் முதலாவது பாடநெறி. பல்கலைக்கழக நாட்காட்டியில் அதற்கு இடமில்லை; ஆனால் அதன் துணையின்றி முதலாம் ஆண்டைக் கடந்தோர் எத்துணையர் என்பதைப் பழைய மாணவர் தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

6. வாயிலில் நின்றோரும் வாயிலை எட்டாதோரும்

முதலாம் ஆண்டில் அமர்வோர் யார் என்னும் வினா 1970களில் நாட்டின் அரசியலையே உலுக்கிற்று. 1969ஆம் ஆண்டளவிற் பொறியியற் பயில்நெறிகளுக்கு அனுமதி பெற்றோரில் ஏறத்தாழப் பாதியினர் தமிழர். 1971இல் மொழிவாரியான தரப்படுத்தல் நடைமுறைக்கு வந்தது. பேராதனைப் பொறியியற் பீடத்திற்குச் சிங்களமொழி மாணவர் 400 புள்ளிகளில் 227 பெற்றாற் போதும் எனவும், தமிழ்மொழி மாணவர் 250 பெறுதல் வேண்டும் எனவும் வெட்டுப்புள்ளிகள் அமைந்தன. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. பொறியியலில் தமிழரின் விகிதம் 1973இல் நூற்றுக்கு 24.4 ஆகவும் 1974இல் 16.3 ஆகவும் வீழ்ந்தது. ஒரே விடுதியில் வாழ்ந்து, ஒரே பாடத்தை ஒரே அயன்மொழியிற் கற்கப்போகும் இருவருக்கு, அவர்கள் முன்பு கற்ற தாய்மொழியை வைத்து வெவ்வேறு வாயில்கள் வகுக்கப்பட்டன. தமிழ் இளைஞரிடையே எழுந்த ஆழ்ந்த விரக்திக்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று என்பது வரலாற்றாசிரியர் பலரும் ஏற்கும் கருத்து. மொழிவாரித் தரப்படுத்தல் 1970களின் பிற்பகுதியிற் கைவிடப்பட்டபோதிலும் அதன் வடு ஆறவில்லை. 1983 மேயிற் பேராதனை வளாகத்திலேயே தமிழ் மாணவர் தாக்கப்பட்டு விடுதிகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அவ்வாண்டு யூலைக்குப் பின் கற்றோர் பலர் நாட்டையே விட்டுச் சென்றனர்.

எனினும் இவ்வரலாற்றை இனத்தின் அடிப்படையில் மட்டும் விளக்குதல் போதாது. தரப்படுத்தலை ஆதரித்தோர் முன்வைத்த ஒரு வாதத்தில் உண்மை இருந்தது: ஆய்வுகூடமும் ஆசிரியரும் உள்ள பாடசாலைகள் நாடெங்கும் சமமாகப் பரந்திருக்கவில்லை. ஆனால் அக்குறையை இன, மொழி வேறுபாடாகக் காட்டியமை அநீதியாயிற்று. வசதி பெற்ற பாடசாலைகள் கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் குவிந்திருந்தன. வசதியற்றவை இரு மொழிகளிலும் இருந்தன. மன்னார், வவுனியா, மட்டக்களப்பு முதலிய மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர் சிலர் மாவட்ட ஒதுக்கீட்டினால் முதன்முறையாகப் பயன்பெற்றனர் என்பதை மறுத்தல் ஆகாது.

பேராதனையைச் சூழ்ந்த மலைகளை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். பீடத்தின் வாயிலிலிருந்து சில மைல் தூரத்திலேயே தேயிலைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. வீதியும் புகையிரதப் பாதையும் அமைய உழைத்த மக்களின் வழித்தோன்றல்கள் அங்குள்ள லயங்களில் வாழ்கின்றனர். 1948இல் அவர்களிற் பெரும்பாலோர் குடியுரிமையற்றோராக்கப்பட்டனர். அவர்தம் பிள்ளைகளுக்கான தோட்டப் பாடசாலைகள் ஆரம்ப வகுப்புக்களோடு நின்றன. 1970களிலேயே அவை அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. உயர்தர விஞ்ஞான வகுப்பே எட்டாத் தொலைவில் இருந்த பிள்ளைக்கு 227உம் 250உம் ஒன்றுதான். மாவட்டத்திற்கு ஒதுக்கப்பட்ட இடம் அம்மாவட்டத்தின் மிக வறியவருக்குத் தானே போய்ச் சேர்வதில்லை. 1976இற் பொல்கொல்லையில் மகாவலி திருப்பப்பட்டது. 1985இல் விக்டோரியா அணையும் கொத்மலை அணையும் நிறைவெய்தின. நாட்டின் மாபெரும் பொறியியற் செயல்கள் தம் கண்முன்னே எழுந்தபொழுது, மலையகப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் அவற்றை வேடிக்கை பார்ப்போராகவே நிற்க நேர்ந்தது. பேராதனை வரலாற்றில் பேசப்படாத பக்கம் இதுவே. வாயிலிற் தடுக்கப்பட்டோரைப் பற்றி நாம் நிரம்ப எழுதியுள்ளோம். வாயிலை எட்டாதோரைப் பற்றி எழுதியது சொற்பம்.

2000களின் தொடக்கத்திலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானத்தை மீண்டும் ஆங்கிலத்திற் கற்க இடமளிக்கப்பட்டது. இதனால் முதலாம் ஆண்டு விரிவுரை மண்டபத்தில் ஒரு பழைய பிரிவினை புதிய வடிவில் மீண்டுள்ளது. ஆங்கிலத்தில் உயர்தரம் கற்ற நகரத்து மாணவர் விரிவுரையைத் தொடர்ச்சியாகக் கேட்கிறார். தமிழிலோ சிங்களத்திலோ கற்றவர் அதனை மொழிபெயர்த்துக் கேட்கிறார். இங்குத் தமிழ்க் கிராமத்து மாணவரும் சிங்களக் கிராமத்து மாணவரும் ஒரே வரிசையில் இருத்தலை நாம் மனங்கொள்ளல் வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன் அவர்களை எதிரெதிரே நிறுத்திய மொழி, இன்று அவர்களது பொதுவான இடர்ப்பாடாக உள்ளது.

7. செய்யத்தக்கவை

தாய்மொழியிற் பொறியியலைக் கற்பித்தல் இயலாது என்போருக்கு வரலாறே விடை கூறுகிறது. ஐதராபாத்தில் 1918இல் தோன்றிய உஸ்மானியாப் பல்கலைக்கழகம், மொழிபெயர்ப்புக்கெனத் தனிப் பணிமனை அமைத்து, உயர்தொழிற் கல்வி உட்படப் பல துறைகளையும் உருதுமொழியிற் கற்பித்தது. 1948இல் அரசியல் மாறியபொழுது அம்முயற்சியும் முடிவுற்றது. 1794இல் வேர்கொண்ட சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில், அண்ணா பல்கலைக்கழகம் 2010இற் குடிசார், இயந்திரப் பொறியியல்களைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. முன்னையது அரசின் ஆதரவோடு தழைத்து, அவ்வாதரவு நீங்கியதும் மறைந்தது. பின்னையதிற் சேர்வோர் வேலைவாய்ப்புச் சந்தையின் ஆங்கிலத்தை எண்ணித் தயங்குவது இயல்பே. இரண்டிலிருந்தும் நாம் பெறும் படிப்பினை ஒன்றே: சொல்லும் நூலும் இருந்தாற் போதாது, அவற்றைக் கற்றோருக்குச் சமூகத்தில் இடமும் இருத்தல் வேண்டும்.

ஆதலின் பட்டப்படிப்பு முழுவதையும் உடனே தமிழுக்கு மாற்றுதல் வேண்டும் என நாம் வாதிடவில்லை. பொறியியல் உலகளாவிய தொழில். ஆங்கிலம் அதன் முதன்மைத் தொடர்புமொழி. மும்மொழி மாணவரும் ஒன்றாய் அமரும் வகுப்பறையின் சமூகப் பயனும் பெரிது. மூன்று செயல்களையே இங்கு வலியுறுத்துவோம்.

முதலாவது, முதலாம் ஆண்டின் ஒவ்வொரு பாடத்திற்கும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் கைந்நூல் தேவை. அது வெறுஞ் சொற்பட்டியலாக இராது, மாணவர் உயர்தர வகுப்பிற் கற்ற கருத்தையும் விரிவுரையில் எதிர்ப்படும் பெயரையும் எடுத்துக்காட்டுக் கணக்கின் வழியே இணைத்துக் காட்டுவதாக இருத்தல் வேண்டும். ஈழத்துச் சொல்லோடு தமிழகச் சொல்லும் அதில் இடம்பெறுமாயின், கடலுக்கு அப்பாலுள்ள நூல்களும் நம் மாணவருக்குத் திறக்கும்.

இரண்டாவது, குப்பியைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். விரிவுரை ஆங்கிலத்தில் நிகழட்டும். அதனைத் தொடரும் பயிற்சி வகுப்பு மாணவரின் மொழியில் நிகழலாம். மூத்த மாணவர் இதுவரை ஊதியமின்றிச் செய்துவந்த பணிக்கு நேரமும் இடமும் ஊதியமும் ஒதுக்குதல் பெருஞ்செலவன்று. இதனால் ஆங்கில அறிவு குன்றும் என்னும் அச்சம் வேண்டாம். கருத்துத் தெளிந்தவரே அதனை எம்மொழியிலும் சொல்லக் கற்கிறார்.

மூன்றாவது, முதலாம் ஆண்டின் சீர்திருத்தம் பத்தாம் வகுப்பிலேயே தொடங்குதல் வேண்டும். மலையகத்திலும் வன்னியிலும் கிழக்கிலும் கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் உள்ளவரை, பல்கலைக்கழக வாயிலில் எத்தகைய சூத்திரத்தைத் தொங்கவிட்டாலும் நீதி கிட்டாது. 2010களிற் கிளிநொச்சியிலும் ஒலுவிலிலும் பொறியியற் பீடங்கள் எழுந்தமை வரவேற்கத்தக்கதே. பீடங்கள் அருகில் வந்தன. அவற்றை நோக்கிய பாதை எல்லோருக்கும் இன்னும் அமையவில்லை.

முதலாம் ஆண்டு நிலையியல், சுமையொன்று ஒரு சட்டகத்தின் எந்தெந்த உறுப்புக்களின் வழியே நிலத்தைச் சென்றடைகிறது எனக் கண்டறியக் கற்பிக்கிறது. கல்வியின் சுமையும் அவ்வாறே சமூகத்தின் சில உறுப்புக்களின் மீது கூடுதலாக இறங்கி நிற்கிறது. எந்த உறுப்பு எவ்வளவு தாங்குகிறது என்பதை வரலாறு கணித்துக் காட்டியுள்ளது. சட்டகத்தை மாற்றியமைத்தல் அக்கணிப்பை அறிந்தோரின் கடமையாகும்.